71 அடிக்குக் கீழே ஒரு கணக்கு

வைகை அணைக்குப் போயிருக்கிறீர்களா? மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து ஆசாமி என்றால் கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை, கல்யாணமான புதிதில் ஒரு தடவை, வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குச் சுற்றிக் காட்ட ஒரு தடவை என்று குறைந்தது மூன்று விசிட்டாவது அடித்திருப்பீர்கள். புளிச்சோற்றுப் பொட்டலம், அவித்த கடலை, இரண்டு கரையிலும் பூங்கா, பிள்ளைகளுக்கு ஊஞ்சல், மதகுப் பக்கம் நின்று ஒரு போட்டோ. போகாதவர்கள்கூட செய்தியில் கேட்டிருப்பீர்கள். ‘வைகை அணையின் நீர்மட்டம் இத்தனை அடி.’ முழுக் கொள்ளளவு 71 அடி. அது தொடப்போகிறது என்றால் கீழே ஐந்து மாவட்டத்துக்குச் சந்தோஷம்.

அந்த 71 அடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

ஊர்கள் இருக்கின்றன சார். ஒன்றல்ல, இரண்டல்ல, பதினான்கு கிராமங்கள் காலியாகின. அதில் ஒன்று மெட்டூர். 1953-ல் அங்கே பிறந்த ஒரு பையன், நாலு வயதில் அப்பா அம்மாவோடு மூட்டை கட்டிக்கொண்டு வடுகபட்டிக்குக் குடிபோனான். 1959 ஜனவரி 21-ம் தேதி முதலமைச்சர் காமராஜர் அணையைத் திறந்துவைத்தார். அந்தப் பையன் வளர்ந்து, பாட்டெழுதி, பேர் வாங்கி, நாற்பது வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்து எழுதியதுதான் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. வைரமுத்து. ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாராவாரம் படித்தவர்கள் உங்களில் பாதிப் பேர் இருப்பீர்கள். 2003-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

‘இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறாய்?’ என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இந்த நாவலைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ‘கண்ணீர் வந்துடுச்சுங்க.’ வரட்டும், நல்லதுதான். ஆனால், கண்ணீர் எப்படி வந்தது? அணைக்கட்டால் ஊர் போனது என்று ஒரு வரிச் செய்தியாகச் சொன்னால் நமக்கு வருவதில்லையே. அப்படியென்றால் செய்திக்கும் நாவலுக்கும் நடுவில் எழுத்தாளர் ஏதோ வேலை பார்த்திருக்கிறார். உவமை, உருவகம், குறியீடு, முரண் என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தோமே, அந்தச் சமாசாரங்கள்தான். அவை அலங்காரம் என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த நாவலைப் படித்தால் அவை சாட்சிக்கூண்டில் ஏறி நிற்கிற சாட்சிகள் என்று தோன்றுகிறது.

நான் பி.காம். தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்கியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரிந்த பாஷை பற்று, வரவு, ஐந்தொகை. அதை வைத்தே பேசுகிறேன். இந்தக் கதையின் ஆணிவேரே ஒரு கணக்குப் புத்தகத் தகராறுதான்.

*

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். தேனியிலிருந்து வருசநாடு போகிற பஸ்ஸில் ஏறுங்கள். கண்டமனூர் தாண்டினால் கடமலைக்குண்டு. பக்கத்தில் ஓடுவது மூல வைகை. மேகமலை, வருசநாட்டு மலைகளில் கிளம்பி இந்த வழியாகத்தான் இறங்குகிறது. ‘ஓடுவது’ என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வருஷத்தில் பாதி நாள் அது மணல். கம்பம் பக்கம் பெரியாறு தண்ணீர் வந்து பச்சைப்பசேல் என்று இருக்கும். இந்தப் பக்கம் அந்தக் கொடுப்பினை கிடையாது. மழையை நம்பின பூமி. தென்னையும் இலவமரமும் கொட்டை முந்திரியும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், ஆற்றங்கரையைவிட்டு நாலு எட்டு உள்ளே போனால் முள்ளும் கல்லும் கள்ளியும்தான்.

கள்ளியை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணி ஊற்ற ஆள் வேண்டாம், உரம் வேண்டாம். ஆடு வாய் வைக்காது. ஒடித்தால் பால் வரும். பேர்தான் பால், குடித்தால் விஷம். இந்தச் சீமையில் அந்தப் பாலுக்கு ஒரு இருண்ட சரித்திரமும் உண்டு. பெண் சிசுக்களின் வாயில் அதை ஊற்றிய கதை உங்களுக்குத் தெரியும். அதற்குமேல் நான் சொல்லவேண்டியதில்லை.

தலைப்பிலேயே இந்தச் செடியை எடுத்து ‘இதிகாசம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறார் ஆசிரியர். இதிகாசம் என்றால் யாருடையது? ராமாயணம், பாரதம். தேர், முடி, அம்பு, அஸ்திரம். நாட்டை விட்டுக் காட்டுக்குப் போன ராஜகுமாரர்கள். இங்கேயும் ஊரை விட்டுப் போகிறார்கள்தான், ராஜகுமாரர்கள் இல்லை. கோமணம் கட்டின சம்சாரி. பேயத்தேவர். பேரனுக்கு மொக்கராசு என்று பேர். பேரில் மட்டும் ராசு, ராஜ்யம் கிடையாது. மகள் ஒருத்தி பேர் மின்னல். மழை பொய்த்த காட்டில் மின்னல் என்று பேர் வைப்பதற்கு எவ்வளவு ஏக்கம் வேண்டும்!

இதுதான் முதல் உத்தி. முரண். பெரிய பாத்திரத்தில் சின்ன மனுஷனை வைப்பது. வனவாசம் போன ராமனுக்காக ஒரு நாடே அழுதது. அதை ஆயிரக்கணக்கான வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறோம். பதினான்கு கிராமம் வனவாசம் போனதற்கு அரசாங்கக் கோப்பில் ஒரு பக்கமாவது ஒப்பாரி உண்டா? தலைப்பு இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் உங்களை உள்ளே விடுகிறது. முதல் பக்கத்தைப் புரட்டும் முன்பே நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

*

இரண்டாவது உத்திக்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

சாதாரணமாகத் தொடர்கதை எழுதுகிறவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பொத்திப் பொத்தி வைப்பார்கள். ‘கதவு திறந்தது, அங்கே நின்றது...’ தொடரும்! வாசகர் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொள்வார். இந்த நாவலில் அந்த வித்தைக்கு வழியே இல்லை. ஏனென்றால் முடிவு எல்லோருக்கும் தெரியும். அணை கட்டியாகிவிட்டது. நாம்தான் அங்கே போய்க் கடலை தின்றுவிட்டு வந்திருக்கிறோமே!

பேயத்தேவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அவர் மண்ணைக் கொத்துகிறார், விதைக்கிறார், கடனுக்கும் கஷ்டத்துக்கும் நடுவில் நாளைக்கு விடியும் என்று படுக்கிறார். நமக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ‘ஐயோ பெரியவரே, வேண்டாம், இதெல்லாம் தண்ணிக்குள்ளே போகப்போகுது’ என்று கத்தத் தோன்றுகிறது. இதை நாடக முரண் என்பார்கள். பாத்திரத்துக்குத் தெரியாதது பார்வையாளருக்குத் தெரிவது.

இந்த வித்தை வைகைக்குப் புதுசில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வருகிறார்கள். வழியில் இதே வைகை. ஆற்றின் மேல் பூக்கள் மிதக்கின்றன. சாதாரண விஷயம், கரையில் மரம் இருந்தால் ஆற்றில் பூ விழத்தான் செய்யும். இளங்கோ அதை எப்படிப் பார்க்கிறார் தெரியுமா? கண்ணகிக்கு வரப்போகிற துன்பம் வைகை என்கிற பெண்ணுக்கு முன்கூட்டியே தெரியுமாம். கண்ணீரை மறைக்கப் பூவாடையால் போர்த்திக்கொண்டு போகிறாளாம். மதுரைக் கோட்டையில் கொடி காற்றில் அசைகிறது. ‘வராதீர்கள், வராதீர்கள்’ என்று கை காட்டித் தடுக்கிறதாம். தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நடக்கிற காரியத்தின் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. பத்தாம் வகுப்பில் இரண்டு மார்க்.

இதைப் பரீட்சைக்குப் படித்தபோது யாராவது நமக்குச் சொன்னார்களா, அந்த இடத்தில் இளங்கோ ஒரு தீர்ப்பை எழுதிவிட்டார் என்று? பாண்டியன் விசாரிக்காமல் தண்டனை கொடுப்பதற்கு முன்பே, ஆறும் கொடியும் அது அநியாயம் என்று சொல்லிவிட்டன. அரசன் சபையில் கண்ணகி சிலம்பை உடைப்பது அப்புறம். வழக்கில் முதல் சாட்சி வைகைதான்.

அதே கண்ணகிக்கு மங்கலதேவி கோயில் இருப்பது இந்த மாவட்டத்து எல்லையில், கூடலூருக்கு மேலே மலை உச்சியில். சித்ரா பௌர்ணமிக்கு ஜனம் ஏறுகிறது. அநியாயத்தைத் தட்டிக்கேட்டவள் வந்து நின்ற மலைக்குக் கொஞ்ச தூரத்திலேயே, தட்டிக்கேட்க ஆளில்லாமல் பதினான்கு ஊர் மூழ்கியது. இளங்கோவின் வைகை அழுதது. வைரமுத்துவின் வைகையே ஊருக்குள் ஏறுகிறது. சாட்சியாக இருந்த ஆறு, இந்த வழக்கில் ஆயுதம் ஆகிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஒரே ஆற்றை வைத்து இரண்டு காலம் தன் நியாயத்தைப் பேசுவது கேட்கும்.

*

மூன்றாவது, தண்ணீர். இந்த நாவலின் குறியீடு கள்ளி என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ தண்ணீர்தான் பெரிய குறியீடு.

நாவல் முழுக்க ஜனங்கள் எதற்கு ஏங்குகிறார்கள்? தண்ணிக்கு. பேயத்தேவர் கிணறு வெட்டுகிற பகுதி இருக்கிறதே, அதைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு மனுஷனுக்கும் பாறைக்கும் நடக்கிற மல்யுத்தம் அது. அவர் தோண்டத் தோண்ட நமக்குக் கை வலிக்கும். தண்ணீருக்காக உயிரைக் கொடுக்கிற மனுஷன். கடைசியில் அவர் கேட்ட வரம் கிடைக்கிறது, ஊரே கொள்ளாத அளவுக்கு! ‘கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை’ என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தப் பழமொழியை ஒரு முழு நாவலாக நீட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

இப்போது இந்தக் குறியீடு என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். அநியாயத்தைச் சொல்கிற கதைகளில் சாதாரணமாக ஒரு வில்லன் இருப்பான். ஹார்ப்பர் லீ 1960-ல் எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ உலகம் முழுக்கப் பள்ளிகளில் பாடமாக இருக்கிற நாவல். அதில் ஒரு கறுப்பின மனிதன்மேல் பொய் வழக்கு. கோர்ட் இருக்கிறது, ஜூரி இருக்கிறது, தப்பான தீர்ப்பு இருக்கிறது. யாரைக் கோபித்துக்கொள்வது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சின்னப் பெண்ணின் கண் வழியாகச் சொல்வதால் அந்தக் கோபம் இன்னும் கூர்மையாகிறது.

இங்கே யாரைக் கோபித்துக்கொள்வீர்கள்? அணையைத் திறந்தவர் காமராஜர். பள்ளிக்கூடம் திறந்த அதே கை. அணை கெட்ட காரியமா? கீழே மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் எத்தனை ஏக்கர் விளைகிறது! மதுரையில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இந்தக் கதையில் வில்லனே கிடையாது சார். அதுதான் இதன் பெரிய சிக்கல்.

ஜான் ஸ்டீன்பெக்குக்கும் இதே சிக்கல் வந்தது. 1939-ல் வெளியான அவருடைய ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலில் ஓக்லஹாமா விவசாயிகளை நிலத்தைவிட்டு விரட்டுகிறார்கள். டிராக்டர் வந்து வீட்டை இடிக்கிறது. குடியானவன் துப்பாக்கியைத் தூக்குகிறான். யாரைச் சுடுவது? டிராக்டர் ஓட்டுகிறவன் கூலிக்காரன். அவனுக்கு மேலே பேங்க், பேங்குக்கு மேலே எங்கோ தூரத்தில் யாரோ. சுட ஆளே கிடைக்கவில்லை. ஸ்டீன்பெக் என்ன செய்தார் என்றால், பேங்கையே மூச்சு விடுகிற, தீனி கேட்கிற ஒரு ஜந்துவாக உருவகம் செய்துவிட்டார். முகமில்லாத அநியாயத்துக்கு உருவகம் முகம் கொடுத்தது.

வைரமுத்து செய்தது அதைவிட வலிக்கிற காரியம். வில்லன் வேஷத்தைத் தண்ணீருக்கே கொடுத்துவிட்டார். எதைச் சாமியாகக் கும்பிட்டார்களோ, அதுவே எமன். கும்பிட்ட கையை வைத்துக்கொண்டு எப்படிச் சபிப்பது? அந்த ஜனங்களின் தவிப்பு இதுதான். எதிர்க்கவும் முடியவில்லை, ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை. பத்துக் கட்டுரை எழுதினாலும் விளங்கவைக்க முடியாத விஷயத்தை ஒரு குறியீடு விளங்கவைக்கிறது.

*

நான்காவது உத்தியை உத்தி என்றே பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விவரணை. நாவலில் கிணறு வெட்டுவதை மட்டுமா எழுதுகிறார்? பசுவுக்குப் பிரசவம் பார்ப்பது, சாராயம் காய்ச்சுவது என்று ஒவ்வொன்றும் படிப்படியாக, எது முதலில், எது அப்புறம், எது தப்பினால் என்ன ஆகும் என்று வருகிறது. ‘கதையை நகர்த்தாமல் இவர் ஏன் இப்படி இழுக்கிறார்?’ என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. வாரப் பத்திரிகைத் தொடருக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு முழுச் சாப்பாடு வேண்டும். அதற்காகப் போட்ட பதார்த்தம் என்றும் சொல்லலாம்.

இங்கேதான் என் பி.காம். மூளை முழித்துக்கொள்கிறது. ஒரு கம்பெனியை வாங்குகிறோம். கட்டடம் இவ்வளவு, மெஷின் இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறோம். அதற்கும் மேலே ‘குட்வில்’ என்று ஒரு தொகை உண்டு. அந்தக் கடைக்கு இருக்கிற நல்ல பேர், வாடிக்கை, தொழில் பழக்கம். கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது, ஆனால் மதிப்பு உண்டு. வேடிக்கை என்னவென்றால், கடையை விற்கிற அன்றைக்குத்தான் அது வாங்குகிறவர் புத்தகத்தில் ஏறும்.

பேயத்தேவர் மாதிரி ஒருவரிடமிருந்து நிலத்தைக் கையகப்படுத்தும்போது அதிகாரி என்ன எழுதுவார்? நிலம் இத்தனை ஏக்கர், தரிசா நஞ்சையா, கிணறு ஒன்று, மரம் இத்தனை, வீடு மண்சுவர், பழசு, தேய்மானம் கழிக்க. அவ்வளவுதான். எந்த மூலையில் தோண்டினால் ஊற்று வரும் என்கிற அறிவு? எந்த மேகம் பெய்யும், எந்த மேகம் ஏமாற்றும் என்கிற கணிப்பு? நடுராத்திரியில் மாடு கன்று போட முடியாமல் தவித்தால் ஓடிவருகிற பக்கத்து வீட்டுக்காரன்? எல்லாம் அந்த மண்ணோடு ஒட்டின சொத்து. வடுகபட்டிக்கோ வேறு ஊருக்கோ தூக்கிக்கொண்டு போக முடியாது. கம்பெனிக்கு உண்டு குட்வில், சம்சாரிக்குக் கிடையாது. இன்னொன்று பாருங்கள். அதிகாரி கணக்கில் வீடு பழசானால் மதிப்புக் குறையும். குடியிருந்தவன் கணக்கில் பழசாக ஆகத்தான் கூடும்.

நாவலில் வருகிற அந்த நீண்ட விவரணைகள்தான் விட்டுப்போன பதிவுகள். அரசாங்கப் பேரேட்டில் இடமில்லாத சொத்தையெல்லாம் வரிவரியாக எழுதிவைத்த இரண்டாவது பேரேடு. அதனால்தான் வெள்ளம் வரும்போது நமக்கு அடிவயிறு கலங்குகிறது. மூழ்குவது எவ்வளவு என்று அதற்குள் நாமே கூட்டிவைத்துவிட்டோம்.

சட்டத்துக்கும் இது கொஞ்சம் உறுத்தியிருக்கும் போல. 1894-ம் வருஷத்து நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் ஒரு விசித்திரமான தொகை உண்டு. சந்தை விலைக்கு மேலே, கட்டாயப்படுத்தி எடுக்கிறோமே என்பதற்காக நூற்றுக்கு 15. இதற்கு ‘ஆறுதல் தொகை’ என்று பேர். பார்த்தீர்களா, சட்டமே உருவகத்தில் பேசுகிறது! வைகை அணை கட்டிய காலத்தில் ஆறுதலின் ரேட் 15 சதவிகிதம். 1984-ல் 30 ஆனது. 2013-ல் வந்த புதுச் சட்டத்தில் 100. ஆறுதலுக்கும் பணவீக்கம் உண்டு.

*

போன வேலை வேறு, கடமலைக்குண்டில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு டீக்கடை பெஞ்சில் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபதைத் தாண்டியவர். “ஐயா, கள்ளிக்காட்டு இதிகாசம்னு ஒரு புஸ்தகம் வந்துச்சே, கேள்விப்பட்டிருக்கீங்களா?”

“எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும் தம்பி. பேத்தி வாசிச்சுக் காட்டுச்சு. எங்க ஆத்தா பொறந்த ஊரு இப்ப தண்ணிக்குள்ளதான கெடக்கு.”

“எப்படி இருந்துச்சு?”

டீயை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார். “பாதி எங்க பேச்சு. பாதி அவுக பேச்சு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு விமர்சனக் கட்டுரையில் சொல்லவேண்டியதை நாலு வார்த்தையில் சொல்லிவிட்டாரே மனுஷன்! அதுதான் உண்மை. நாவலில் இரண்டு குரல் இருக்கிறது. ஜனங்கள் பேசும்போது சொல்லும் ஏச்சும் எகத்தாளமும் அந்த மண்ணிலிருந்து அப்படியே பிடுங்கியவை. கதை சொல்கிறவர் பேசும்போது கவியரங்கத்து மைக் லேசாகக் கேட்கிறது. உவமைக்குப் பின்னாலேயே இன்னொரு உவமை. சில இடங்களில் துக்கம் நம் தொண்டைக்கு வருவதற்குள் ஓர் அழகான வரி குறுக்கே வந்து நின்று ‘என்னைப் பார்’ என்கிறது. ஆசிரியர் அந்த வரியை அடித்திருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியதுண்டு. உத்தி என்பது கண்ணாடி ஜன்னல் மாதிரி. வெளியே தெரிகிறவரைக்கும் சரி, கண்ணாடியிலேயே பூ வேலை அதிகமானால் வெளியே எதுவும் தெரியாது.

“கடைசி வரைக்கும் வாசிச்சுக் காட்டுனாங்களா?”

“இல்ல. அணைக்கட்டுப் பேச்சு வந்ததும் நிப்பாட்டுத்தான்னு சொல்லிட்டேன். தண்ணி ஏறும்னு தெரியும்ல. எதுக்கு இன்னொருக்க ஏறணும்?”

நாடக முரண் என்று மேலே பெரிதாக விளக்கினேனே, அது இந்தப் பெரியவருக்கு இலக்கணம் இல்லை. அவருக்கு அது நடந்தது.

“நட்டஈடு வந்துச்சா ஐயா, உங்க ஆத்தா வீட்டுக்கு?”

சிரித்தார். “நெலம் இருந்தவகளுக்குக் குடுத்தாக. எங்க பாட்டன் கூலிக்குப் போனவரு. கூலிக்காரனுக்கு என்னத்த நட்டஈடு?”

அந்தக் கேள்வியோடு நாவலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பேயத்தேவருக்கு மண் இருந்தது. அதனால் அவருக்கு ஓர் இதிகாசம் கிடைத்தது. மண்ணே இல்லாதவர்களும் அந்தப் பதினான்கு ஊரில் இருந்தார்கள். அடுத்தவன் காட்டில் களை எடுத்தவர்கள், பட்டாவில் பேர் இல்லாதவர்கள், ஊருக்கு வெளியே சேரியில் குடியிருந்தவர்கள். இழப்பதற்கு அவர்களிடம் காகிதத்தில் எதுவும் இல்லை. ஆகவே இழந்ததாகவும் காகிதத்தில் இல்லை. நாவல் ஊரைப் பேயத்தேவரின் திண்ணையிலிருந்து பார்க்கிறது. யார் கண் வழியாகக் கதை சொல்கிறோம் என்பது இருக்கிறதே, அது எல்லா உத்திக்கும் தாய் உத்தி. அந்தக் கண்ணுக்கு எட்டிய வரைக்கும்தான் வெளிச்சம் விழும். 2013-ம் வருஷத்துச் சட்டம்தான், நிலம் சொந்தமில்லாவிட்டாலும் அதை நம்பிப் பிழைத்த கூலிக்காரர்களையும் குத்தகைக்காரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று பேர் சொல்லிச் சேர்த்தது. வைகை அணை திறந்து ஐம்பத்து நாலு வருஷம் கழித்து! கூலிக்காரர் திண்ணையிலிருந்து எழுதவேண்டிய வைகை நாவல் ஒன்று பாக்கி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பேத்தி எழுதினாலும் எழுதலாம்.

குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தக் குறையைப் பார்க்கிற கண்ணையே இந்த நாவல்தான் நமக்குக் கொடுத்தது. அதற்கு முன்னால் வைகை அணை நமக்கு என்னவாக இருந்தது? சினிமா ஷூட்டிங் எடுக்கிற இடம். பக்ரா நங்கலில் நேரு அணைகளை நவீன இந்தியாவின் கோயில்கள் என்றார் அல்லவா, அந்தக் கோயில்களில் ஒன்று. அதே நேரு 1958 நவம்பரில், வைகை அணை திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, பெரிதுபெரிதாகக் கட்டுகிற ஆசை ஒரு வியாதியாகிவருகிறது என்று இன்ஜினீயர்கள் கூட்டத்திலேயே எச்சரித்தார். முதல் பேச்சு எல்லோருக்கும் மனப்பாடம், இரண்டாவது பேச்சு யாருக்கும் ஞாபகமில்லை. ஏன்? முதலில் ஒரு நல்ல உருவகம் இருந்தது. கோயில். அந்த ஒரு சொல், கேள்வி கேட்கிற வாயை அடைத்துவிட்டது. கோயிலுக்கு இடம் கொடுக்க மாட்டேன் என்று எவன் சொல்வான்?

உத்தி என்றால் கதாசிரியர்கள் மட்டும் வைத்திருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். அரசாங்கமும் உருவகத்தில்தான் பேசுகிறது. ‘வளர்ச்சி’ என்பது உருவகம், செடி வளர்வது மாதிரி. ‘தியாகம்’ என்பது உருவகம், யாகத்தில் போடுவது மாதிரி. ஆனால் யார் தியாகம், யாருடைய வளர்ச்சி? கோயில் என்ற சொல்லால் மூடியதை இதிகாசம் என்ற சொல்லால் திறந்து காட்டியதுதான் இந்த நாவல் செய்த பெரிய காரியம். ஒரு உருவகத்துக்கு எதிராக இன்னொரு உருவகம். நர்மதைப் பள்ளத்தாக்கு ஜனங்களுக்காக மேதா பட்கர் தெருவில் நின்றார், அருந்ததி ராய் 1999-ல் கட்டுரை எழுதினார். வைகைக்காரர்களுக்கு அப்படி யாரும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கதை. அதுவும் நாற்பது வருஷம் தாமதமாக.

தாமதமாக வந்த கதையால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். போன ஊர் வராது, நிஜம். ஆனால், கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும். விட்டுப்போன பதிவு எத்தனை வருஷம் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டாலும் அதைப் புத்தகத்தில் ஏற்றித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தொகை பொய். நாளைக்கு எட்டுவழிச் சாலை, விமான நிலையம், சிப்காட் என்று எந்த ஊரில் எந்த மஞ்சள் கல் நட்டாலும், ஏக்கருக்கு எவ்வளவு என்று நாம் பேச ஆரம்பிக்கும் முன்னால், அந்த இன்னொரு பேரேட்டையும் எடுத்து வையுங்கள் என்று கேட்க ஒரு முன்னுதாரணம் இருக்கிறது.

வீட்டு அலமாரியில் புத்தகம் இருந்தால் எடுத்துக் கிணறு வெட்டுகிற அந்தப் பகுதியை மட்டும் மறுபடி படித்துப் பாருங்கள். உவமை எத்தனை என்று எண்ண வேண்டாம். அந்தக் கிழவர் வெட்டி எடுத்த ஒவ்வொரு கூடை மண்ணுக்கும் எவன் என்ன விலை போடுவான் என்று மட்டும் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுங்கள். மதுரைக்காரர்களாக இருந்தால், பக்கத்தில் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.